நின்றால்தான் தெரியும்: கால் நரம்பு சுருட்டும் அதன் சிகிச்சையும்

காரிமங்கலத்தில் இருக்கும் என் அத்தைக்கு இடது கணுக்காலின் உட்பக்கம், எலும்பு முண்டுக்கு நான்கு விரற்கடை மேலே, ஒரு புண் இருந்தது. வந்தபோது மிளகளவு. அரித்தது, சொறிந்துவிட்டேன், அதனால் வந்தது என்றார். ஆறும், மூன்று மாதம் கழித்து அதே இடத்தில் மறுபடி திறக்கும். இப்படியே ஏழு ஆண்டுகள். அத்தை இட்லிக்கடை வைத்திருப்பவர். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பின் முன் நின்றால் பதினோரு மணிவரை உட்கார வழியில்லை. செவ்வாய்க்கிழமை சந்தை நாளென்றால் பொழுது சாயும்வரை நிற்க வேண்டும்.

புண்ணுக்கு அவர் பார்க்காத வைத்தியம் இல்லை. சர்க்கரையாக இருக்கும் என்று இரத்தம் எடுத்தார்கள், சர்க்கரை இல்லை. தோல் வியாதி என்று களிம்பு எழுதிக் கொடுத்தார் ஒருவர். நரம்புத் தளர்ச்சி என்று மூன்று மாதம் ஊசி போட்டார் இன்னொருவர். எல்லா இடத்திலும் நடந்தது ஒன்றுதான்: கட்டிலில் படுக்கச் சொல்லிப் புண்ணை மட்டும் பார்த்தார்கள்.

கடைசியாகப் பார்த்த அறுவைச் சிகிச்சை மருத்துவர், அத்தை வழக்கம்போலக் கட்டிலை நோக்கிப் போனதும் தடுத்தார். "படுக்க வேண்டாம் அம்மா. சேலையைத் தொடைவரை ஏற்றிப் பிடித்துக்கொண்டு அந்தப் படிமேல் ஏறி நில்லுங்கள்" என்றார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தொடையின் உட்பக்கத்தில் சுண்டுவிரல் பருமனுக்கு ஒரு குழாய் மெல்லப் புடைத்து எழுந்தது. முழங்காலைத் தாண்டி, கெண்டைக்காலில் பூசணிக் கொடிபோல் நெளிந்து நெளிந்து இறங்கி, அது போய் முடிந்த இடத்தில் புண் இருந்தது. கணுக்கால்வரை சேலை மறைத்திருந்ததால் வீட்டில் இருந்த எங்கள் கண்ணிலும் அது பட்டதில்லை. ஏழு ஆண்டுகளாக நாங்கள் மருந்திட்டது கடைமடையில். உடைப்போ மேல்மடையில் இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதக் காரணம் அந்த ஒரு நிமிடம்தான். இந்த நோய் நிற்கும்போது மட்டுமே தன்னைக் காட்டுகிறது. படுத்தால் இரத்தம் இதயத்தை நோக்கி வடிந்துவிடும். புடைத்த குழாய் தளர்ந்து மறைந்துவிடும். நின்ற நிலையில் கால் முழுவதையும் பார்க்காத பரிசோதனை, பரிசோதனையே ஆகாது.

பெயர் செய்கிற குழப்பம்

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இதற்கு "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்பதே பெயர். தமிழில் நரம்பு என்ற சொல் நெடுங்காலமாகப் பல பொருள்களைச் சுமந்து வருகிறது. யாழின் தந்தியும் நரம்பு, வாழையிலையின் நடுக்கோடும் நரம்பு, கையில் நீலமாகத் தெரியும் இரத்தக் குழாயும் நரம்பு, வலியையும் தொடு உணர்வையும் மூளைக்குக் கொண்டுபோகும் இழையும் நரம்பு. பேச்சில் இது எந்தத் தொந்தரவும் செய்வதில்லை. மருத்துவமனையில் சீட்டு வாங்கும்போதுதான் செய்கிறது. "நரம்புக் கோளாறு" என்று சொன்னவுடன் நோயாளி நரம்பியல் மருத்துவரிடம் போகிறார், அல்லது சத்து ஊசியும் வைட்டமின் மாத்திரையும் வாங்குகிறார். மருத்துவர்கள் வெரிகோஸ் என்று சொல்கிற இந்த நரம்பு சுருட்டு, இரத்தக் குழாயின் நோய். அதிலும் இதயத்துக்கு இரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகிற சிரைகளின் நோய். போக வேண்டிய இடம் பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவு, இருந்தால் இரத்தநாள அறுவைச் சிகிச்சைப் பிரிவு.

இன்னொரு சொல்லும் பயத்தைக் கிளப்புகிறது: "கெட்ட இரத்தம்". பள்ளிப் பாடத்தில் சிரையில் ஓடுவது அசுத்த இரத்தம் என்று படித்தோம். அது கெட்டுப்போன இரத்தம் ஆகாது. ஆக்சிஜனைத் தசைகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்புகிற இரத்தம், அவ்வளவே. அதைக் கீறி வெளியேற்றினால் நோய் போகும் என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. உடம்பிலுள்ள மொத்த இரத்தத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எந்நேரமும் சிரைகளில்தான் இருக்கிறது.

கிணற்று மோட்டாரும் கெண்டைக்காலும்

கிணற்றுப் பாசனம் பார்த்த எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த நோயை விளக்குவது எளிது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. முதலில் எதைச் சந்தேகப்படுவோம்? ஃபுட்வால்வை. குழாயின் அடியில் இருக்கும் அந்த மூடி தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. அதன் ரப்பர் தேய்ந்துவிட்டால் குழாயில் நின்ற தண்ணீரெல்லாம் திரும்பக் கிணற்றுக்குள் இறங்கிவிடும்.

காலிலும் இதே ஏற்பாடு. இதயத்திலிருந்து கீழே வருகிற இரத்தத்துக்கு இதயத்தின் அடி இருக்கிறது. கணுக்காலிலிருந்து மேலே போக வேண்டிய இரத்தம் ஒரு மீட்டருக்கும் மேலான உயரத்தை ஏற வேண்டும். அதை ஏற்றுகிற மோட்டார் ஆடுசதை. நாம் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் ஆடுசதை இறுகி, அதற்குள் புதைந்திருக்கும் ஆழ்சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. தள்ளிய இரத்தம் கீழே விழாமல் தடுக்கச் சிரைக்குள் ஆங்காங்கே இரட்டை இதழ் வால்வுகள் இருக்கின்றன. ஆடுசதைக்கு இரண்டாவது இதயம் என்று மருத்துவர்கள் பெயர் வைத்திருப்பது சும்மா இல்லை.

இந்த வால்வுகளை உங்கள் கையிலேயே பார்க்கலாம். மேற்கையில் ஒரு துணியை லேசாகக் கட்டி, முன்கையில் புடைத்த சிரை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மணிக்கட்டுப் பக்கம் ஒரு விரலால் அதை அழுத்திக்கொண்டு, இன்னொரு விரலால் முழங்கைப் பக்கமாக நீவி விடுங்கள். நீவிய இடம் காலியாகிப் பள்ளமாகும். மேலே இரத்தம் நிறைந்திருந்தும் அது கீழே இறங்கி அந்தப் பள்ளத்தை நிரப்பாது. இடையில் ஒரு வால்வு மூடி நிற்கிறது. மணிக்கட்டுப் பக்கத்து விரலை எடுத்த கணத்தில் கீழிருந்து நிரம்பும். 1628இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி இரத்தம் உடம்பைச் சுற்றி வருகிறது என்று உலகுக்கு நிறுவியபோது காட்டிய சோதனைகளில் ஒன்று இது. துணியை உடனே அவிழ்த்துவிடுங்கள்.

காலில் தோலுக்கு அடியில் இரண்டு முக்கியச் சிரைகள் ஓடுகின்றன. ஒன்று உள் கணுக்காலில் தொடங்கித் தொடை இடுக்குவரை போகிறது. மற்றொன்று கெண்டைக்காலின் பின்புறம் ஏறி முழங்காலின் பின்குழியில் ஆழ்சிரையோடு சேர்கிறது. இவற்றின் வால்வுகள் தளரும்போது, ஆழத்துக்குப் போன இரத்தமே தோலடியில் ஓடும் இந்த மேல்சிரை வழியாகத் திரும்பக் கணுக்காலுக்கு இறங்குகிறது. குழாய்ச் சுவர் விரிகிறது, விரிந்தால் அடுத்த வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் போகின்றன, அதுவும் கசிகிறது.

அசையாமல் நிற்கும்போது கணுக்கால் சிரையில் அழுத்தம், பி.பி. பார்க்கிற அதே பாதரச அளவில், 80 முதல் 90 மில்லிமீட்டர்வரை இருக்கும். நல்ல காலில் நடக்கத் தொடங்கியதும் இது 30க்கும் கீழே இறங்கிவிடும். வால்வு போன காலில் நடந்தாலும் அழுத்தம் போதிய அளவு இறங்காது. நோயின் அத்தனை விளைவுகளும் இந்த இறங்காத அழுத்தத்திலிருந்து வருகின்றன. மாலையில் கால் ஈயம்போல் கனப்பது, கொலுசும் செருப்பு வாரும் பதிந்து தடம் விழுவது, இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பது எல்லாம் அதனால்தான். அழுத்தம் தாங்காமல் இரத்தச் சிவப்பணுக்கள் நுண்குழாயை விட்டு வெளியே கசிகின்றன. அவற்றிலுள்ள இரும்பு தோலில் படிந்து கணுக்காலைக் கருப்பாக்குகிறது. "அழுக்கு, தேய்த்துக் குளி" என்று வீட்டில் சொல்வார்கள். அது தேய்த்தால் போகாது. அடுத்துக் கரப்பான் நோய்போல அரிப்பு, பிறகு தோல் மரத்துணுக்குபோல் இறுகுதல், கால் கவிழ்த்து வைத்த பாட்டில் வடிவுக்கு வருதல். கடைசியில் சின்னக் கீறலும் ஆறாத புண் ஆகிறது.

மருத்துவர்கள் இதைச் 0 முதல் 6 வரை படிநிலைகளாகப் பிரிக்கிறார்கள். 1 என்பது சிலந்தி வலைபோன்ற மெல்லிய நீலக் கோடுகள். 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பருத்த சிரை என்றால் 2. வீக்கம் 3. தோல் மாறினால் 4. ஆறிய புண் 5, ஆறாத புண் 6. உங்கள் கால் எந்தப் படியில் இருக்கிறது என்று மருத்துவரைக் கேளுங்கள். சிகிச்சை வேண்டுமா, எவ்வளவு அவசரம் என்பதெல்லாம் அதில் அடங்கியிருக்கிறது. முதல் படிக்கு ஆபத்து இல்லை. அழகுக்காகச் செய்துகொள்வது அவரவர் விருப்பம். நான்காம் படிக்கு வந்தவர் ஒத்திப்போடக் கூடாது.

யாருக்கு வருகிறது

பரம்பரை முதல் காரணம். தாய்க்கும் தந்தைக்கும் இருந்தால் பிள்ளைக்கு வருகிற வாய்ப்பு கூடுகிறது. வயது, உடல் பருமன், முன்பு காலில் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்த வரலாறு ஆகியவை அடுத்து. கர்ப்ப காலத்தில் இரத்த அளவு கூடுகிறது, ஹார்மோன் சிரைச் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துகிறது. அப்போது தோன்றியவை பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பெரும்பாலும் குறைந்துவிடும் என்பதால் அதுவரை பொறுத்திருந்து பார்ப்பதே வழக்கம்.

நிற்கும் வேலை பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நிற்பது மட்டுமே வால்வைக் கெடுத்துவிடும் என்று சொல்ல முடியாது. ஆனால் பலவீனமான வால்வு உள்ளவர், ஓரடியும் நகராமல் எட்டு மணி நேரம் நின்றால், ஆடுசதை மோட்டார் நின்றுபோய், இரத்த நிரலின் முழு எடையும் கணுக்காலில் இறங்குகிறது. எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் நிற்கிற வேலைகளை எண்ணிப் பாருங்கள். ஓசூரில் தொழிற்சாலை வரிசையில் நிற்கும் பெண்கள். மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளில் நிற்பவர்கள். ஜவுளிக்கடைகளில் புடவை விரித்துக் காட்டும் பிள்ளைகள். அரூர், பென்னாகரம் பக்கமிருந்து பெங்களூருக்குப் போய் பேக்கரியிலும் ஓட்டலிலும் அடுப்படியில் நிற்கும் இளைஞர்கள். ஊர்த் திருவிழாவுக்கு வரும்போது பேன்ட்டுக்குள் இருக்கிற காலை அவர்கள் யாரிடமும் காட்டுவதில்லை.

உட்கார்வதற்கு உரிமை வேண்டும் என்பது சிறிய விஷயம் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவு, நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் ஓய்வு கிடைக்கும்போது உட்கார ஏற்பாடு இருக்க வேண்டும் என்று அப்போதே எழுதிவைத்தது. கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று கேரளம் 2018இல் சட்டம் திருத்தியது. தமிழ்நாடு 2021இல் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் அதே உரிமையைச் சேர்த்தது. நாற்காலி போடப்பட்டிருக்கிறதா, போட்டால் உட்கார விடுகிறார்களா என்று கேட்க வேண்டியது நம் ஒவ்வொருவரின் வேலை. ஒன்றும் முடியாத இடத்தில், அரை மணிக்கு ஒருமுறை இருபது தடவை குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குவது ஆடுசதை மோட்டாரை ஓட்டிக் கொடுக்கும். அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

எல்லாக் கால்வலியும் வெரிகோஸ் இல்லை

எங்கள் பகுதியில் இதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பல ஊர்களில் பல்லில் கறையும், முற்றிய நிலையில் எலும்பிலும் மூட்டிலும் வலியும் விறைப்பும் உண்டு. 2013இல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்பது இருக்கிறது. முழங்காலும் இடுப்பும் விறைத்து வலித்தால் அது எலும்பின் கதையாக இருக்கலாம். இடுப்பிலிருந்து மின்சாரம்போல் காலுக்கு இறங்கும் வலி முதுகெலும்புத் தட்டால் வருவதாக இருக்கலாம்.

தமனி அடைப்பைப் பிரித்தறிவது எல்லாவற்றிலும் முக்கியம். பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கும் நாள்பட்ட சர்க்கரை நோயாளிகளுக்கும் காலுக்கு இரத்தம் கொண்டுவருகிற தமனி அடைபடும். அவர்களுக்கு நடந்தால் கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் விட்டுவிடும். சிரை நோயில் இது தலைகீழ்: நின்றால் வலிக்கும், நடந்தாலோ காலைத் தூக்கி வைத்தாலோ இதமாகும். தமனி அடைபட்ட காலில் இறுக்கக் காலுறையோ கட்டோ போட்டால் வருகிற கொஞ்சம் இரத்தமும் நின்று விரல்கள் அழுகும் அபாயம் உண்டு. அதனால்தான் கட்டுப்போடும் முன் பாதத்தின் நாடியைத் தொட்டுப் பார்ப்பதும், கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் அளந்து ஒப்பிடுவதும். மருந்துக் கடையில் தானாகக் காலுறை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

இரத்தம் பீய்ச்சினால்

புண் வந்த மூன்றாம் ஆண்டு, ஐப்பசி மாதக் காலை. அத்தை வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தார். கணுக்கால் பக்கம் தோல் காகிதம்போல் மெலிந்து நீலமாக நின்ற ஒரு புள்ளியைத் துண்டு உரசியிருக்கிறது. வலியே இல்லை. குளியலறைச் சுவரில் சிவப்பாகக் கோடு விழுவதைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்தது. நாங்கள் ஓடிப்போய் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, முழங்காலுக்கு மேலே துண்டால் இறுக்கிக் கட்டினோம். இரத்தம் இன்னும் வேகமாக வந்தது. பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் வந்து கட்டை அவிழ்த்து, அத்தையைத் தரையில் படுக்கவைத்து, காலைத் தூக்கிச் சுவரில் சாய்த்து, மடித்த துணியை அந்தப் புள்ளிமேல் வைத்து அழுத்தினார். நின்றுவிட்டது.

நாங்கள் செய்த தவறு இப்போது புரிகிறது. சிரை இரத்தம் கீழிருந்து மேலே போவது. மேலே இறுக்கினால் போகிற வழியை அடைத்து அழுத்தத்தைக் கூட்டுகிறோம். உட்கார வைப்பதும் நிற்க வைப்பதும் அப்படியே. எனவே வெரிகோஸ் காலில் இரத்தம் பீய்ச்சினால் செய்ய வேண்டியது மூன்றே: படுக்க வையுங்கள், காலை இதயத்துக்கு மேலே தூக்குங்கள், அந்த இடத்தைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். பிறகு மருத்துவமனை. தனியாக இருக்கும் முதியவர்கள் இது தெரியாமல் உயிரிழந்ததும் உண்டு. அந்தச் செவிலியர் அன்று வீட்டில் இல்லாதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் எனக்கு நடுக்கம்தான்.

உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய இன்னொரு நிலை: ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் இறுகி வலித்தால் ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்கலாம். அதோடு மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். 108ஐ அழைக்க யோசிக்க வேண்டாம். இதனால்தான் புடைத்த சிரைகள் உள்ள காலைப் பலமாக நீவிவிடக் கூடாது. ஒகேனக்கலில் எண்ணெய் தேய்த்துக்கொள்வது எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சுகமான பழக்கம். தோளுக்கும் முதுகுக்கும் தேய்க்கட்டும். முடிச்சு விழுந்த காலை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தக்காளியை அரைத்துப் பூசினால் சரியாகும் என்ற செய்தி கைப்பேசியில் சுற்றுகிறது. பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் விளைகிற எத்தனை கூடைத் தக்காளியைப் பூசினாலும் உள்ளே தளர்ந்த வால்வு இறுகாது. திறந்த புண்ணில் பூசினால் கிருமிதான் சேரும். டயோஸ்மின் போன்ற மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். அவையும் வால்வைத் திருத்துவதில்லை.

கசியும் குழாயை மூடுவது

சிகிச்சைக்கு முன், இரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேன் வேண்டும். நிற்கவைத்து எடுக்க வேண்டும். ஆடுசதையை அமுக்கி விடும்போது இரத்தம் மேலே போய், விட்டதும் அரை வினாடிக்கு மேல் பின்னோக்கி ஓடினால் வால்வு கசிகிறது என்று பொருள். எந்தச் சிரை, எந்த இடத்திலிருந்து கசிகிறது, ஆழ்சிரைகள் திறந்திருக்கின்றனவா என்பதெல்லாம் அறிக்கையில் இருக்க வேண்டும். ஆழ்சிரை அடைபட்டிருந்தால் மேல்சிரைதான் மாற்றுப் பாதை. அதைத் தெரியாமல் மூடினால் கால் இன்னும் வீங்கும்.

வால்வைச் சரிசெய்ய மாட்டார்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கெட்ட சிரையை மொத்தமாகப் பாதையிலிருந்து விலக்குவதே வழக்கமான சிகிச்சை. காலின் பெரும்பங்கு இரத்தம் ஆழ்சிரைகளில் போகிறது. கசிகிற மேல்சிரை சுமையைக் கூட்டியதே தவிர உதவவில்லை. அதை மூடினால் இரத்தம் நல்ல வழிகளில் திரும்பிவிடும்.

பழைய முறை அறுவைச் சிகிச்சை. தொடை இடுக்கில் சிரையைக் கட்டி, கம்பி செலுத்தி உருவி எடுப்பார்கள். ஜெர்மன் மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1890களில் சிரையைக் கட்டும் முறையை எழுதினார்; உருவி எடுக்கும் முறை 1900களின் முதற்பத்தாண்டில் வந்தது. இன்றும் அது நல்ல சிகிச்சைதான். மயக்க மருந்தும், சில நாள் ஓய்வும், கன்றிப்போன காலும் அதன் விலை.

இப்போது பெரும்பாலும் ஊசித் துளை வழியாகவே முடிகிறது. ஸ்கேன் பார்த்துக்கொண்டே முழங்கால் பக்கம் சிரைக்குள் மெல்லிய குழாயை நுழைத்துத் தொடை இடுக்கின் அருகே கொண்டுபோகிறார்கள். சிரையைச் சுற்றி மரத்துப்போகும் மருந்து கலந்த உப்புநீரை நிரப்புகிறார்கள். இதுதான் நோயாளிக்குத் தெரிகிற பெரிய வலி, வரிசையாகச் சில ஊசிகள். அந்த நீர் பக்கத்துத் தோலையும் உணர்வு நரம்பையும் சூட்டிலிருந்து காக்கிறது. பிறகு லேசர் கதிராலோ, 120 டிகிரிக்குச் சூடேறும் ரேடியோ அலைக் கருவியாலோ சிரைச் சுவரைச் சுட்டுச் சுருக்கிக்கொண்டே வெளியே இழுக்கிறார்கள். அத்தைக்குச் செய்தது இதுதான். அன்றே நடந்து வீட்டுக்கு வந்தார். தொடையில் இரண்டு வாரம் கயிறு கட்டி இழுப்பதுபோல் இருந்தது என்றார். சிலருக்குக் கணுக்கால் பக்கம் மரத்திருக்கும், பெரும்பாலும் மெல்ல மறையும். ஆழ்சிரையில் உறைதல் அரிதாக நேரலாம். உடனே நடக்கச் சொல்வது அதைத் தடுக்கத்தான்.

நுரை ஊசி என்றொரு முறை: சிரையை எரிச்சலூட்டி ஒட்டவைக்கும் மருந்தைக் காற்றோடு இரண்டு சிரிஞ்சுகளுக்கிடையே அடித்து நுரையாக்கி உள்ளே செலுத்துவது. நெளிந்த கிளைகளுக்கும் புண்ணுக்கு அடியிலுள்ள சிரைகளுக்கும் ஏற்றது, செலவு குறைவு, ஆனால் மறுபடி திறந்துகொள்ளும் வாய்ப்பு அதிகம். பசை வைத்து ஒட்டும் முறையும் உண்டு. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு அமைப்பு 2013இல் முதலில் சூட்டு முறை, அது பொருந்தாவிட்டால் நுரை, அதுவும் பொருந்தாவிட்டால் அறுவை என்று வரிசை வகுத்தது.

புண் உள்ளவர்கள் ஒரு செய்தியை மனத்தில் வைக்க வேண்டும். "முதலில் புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம்" என்பது பழைய வழக்கம். பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு அதை மாற்றியது. காலுக்கு இறுக்கமாகப் போடும் கட்டோடு சேர்த்து இரண்டு வாரத்துக்குள் சிரையை மூடியவர்களில் பாதிப்பேருக்குப் புண் 56 நாளில் ஆறியது. காத்திருந்தவர்களுக்கு 82 நாள் ஆனது. சிரையை மூடினால் புண் திரும்ப வருவதும் குறைகிறது என்று 2004இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது: கட்டு மட்டும் போட்டவர்களில் ஓராண்டில் 28 சதவீதம் பேருக்குப் புண் திரும்பியது, சிரைக்கும் சிகிச்சை பெற்றவர்களில் 12 சதவீதம். ஆண்டுக்கணக்காக ஆறாத புண் அபூர்வமாகப் புற்றாக மாறுவதும் உண்டு. விளிம்பு தடித்து வளர்ந்தால் சதை எடுத்துச் சோதிக்க வேண்டும்.

கட்டும் ஒரு கலை. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், கால் வீங்காதபோதே கட்ட வேண்டும். விரல்களின் அடியில் தொடங்கி, குதிகாலையும் மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மறைக்கும்படி முழங்காலுக்குக் கீழ்வரை. கீழே இறுக்கம், மேலே போகப் போகத் தளர்வு. பலர் புண்ணின் மேல் மட்டும் நாலு சுற்றுச் சுற்றுகிறார்கள். அது கால்வாயின் நடுவில் போட்ட அணை, பாதம் வீங்கிவிடும்.

தர்மபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 தொடக்கத்திலிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இயங்குகின்றன. சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடும் முன் அங்குள்ள பொது அறுவைச் சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், எந்த முறைக்கு எவ்வளவு அனுமதி என்பதை நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டு உதவி மையத்தில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பி.பி.யும் சர்க்கரையும் பார்க்க வாசலுக்கு வரும் அந்தப் பெண் பணியாளர்கள், ஐம்பது வயதைத் தாண்டியவர்களை ஒரு நிமிடம் எழுந்து நிற்கச் சொல்லிக் கணுக்காலையும் பார்த்தால் எத்தனையோ புண்கள் திறக்கும் முன்பே பிடிபடும் என்பது என் ஆசை.

அத்தையின் புண் பத்து வாரத்தில் மூடியது. அந்த இடம் இன்னும் கருப்பாகத்தான் இருக்கிறது. படிந்த இரும்பு எளிதில் போகாது. அடுப்புக்குப் பின்னால் ஓர் உயரமான ஸ்டூல் வந்துவிட்டது. இட்லி வேகிற நேரம் அதில் உட்கார்கிறார், தோசை ஊற்றும்போது குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். ஒரு சிரையை மூடியதால் மற்றவை கெடாது என்ற உறுதி இல்லை என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை வரச் சொல்லியிருக்கிறார்கள். போன முறை நிற்கவைத்துப் பார்த்தபோது வலது காலிலும் கசிவு தொடங்கியிருப்பது தெரிந்தது. தோல் இன்னும் நிறம் மாறவில்லை. தை பிறந்ததும் அதற்கு நாள் குறித்திருக்கிறார்கள்.